மிளா வேட்டைக்கு .308 ரைஃபிள்: எத்தனை மீட்டர்ல ஜீரோ பண்றது?

கேள்வி கேட்டவர் எழுதினதை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன். மெல்பர்ன்ல இருக்கார், துப்பாக்கி லைசென்ஸும் மான் வேட்டை லைசென்ஸும் இப்பதான் கைக்கு வந்திருக்கு, 22 இஞ்ச் பேரல் (குழல்) வச்ச .308 (குண்டோட விட்டம், இஞ்ச்ல) போல்ட் ஆக்‌ஷன் ஒன்னு வாங்கியிருக்கார், மேல சாதாரண 3-9 ஸ்கோப் (3லேருந்து 9 மடங்கு பெரிசாக் காட்டறது), 150 கிரெய்ன் தோட்டா (கிரெய்ன்ங்கறது குண்டோட எடைக்கான அலகு). விக்டோரியா மலைக்காட்டுல சாம்பார் மான், அதாவது மிளா, தேடிப் போகணும். ரேஞ்ச்ல (சுட்டுப் பழகற இடத்துல) பக்கத்துல இருந்தவர் 100 மீட்டர்ல ஜீரோ பண்ணு, அதாவது அந்த தூரத்துல ஸ்கோப் காட்டற இடத்துலயே குண்டு படற மாதிரி செட் பண்ணுன்னாராம், கூட்டிட்டுப் போகப்போற நண்பர் 200ன்னாராம், வீடியோல ஒருத்தர் 100ல ரெண்டு இஞ்ச் மேல வச்சுக்கோன்னு சொல்லியிருக்கார். மூணுல எது சரின்னு கேட்கறார். ஆனா நான் படிச்ச வரைக்கும் அவர் மனசுல இருக்கற கேள்வி அது இல்ல. "மான் எங்க நின்னாலும் நான் நடுவுல வச்சு சுட்டா நடுவுல படுமா, அடிபட்டு ஓடிப்போய் எங்கயோ கிடந்து சாகாம இருக்குமா" அப்படிங்கறதுதான் அவர் கேட்க வந்தது. அதுக்குத்தான் பதில் சொல்றேன், மீட்டர் கணக்கு தானா அதுலேருந்து வந்துடும்.

நான் யார்னு ஒரு வரி. 15 வருஷமா விக்டோரியா மலைப்பக்கம் கால்நடையா வேட்டைக்குப் போறேன், ஜேமிசன், லிகோலா, டார்கோ பக்கம்தான் அதிகம். வாரக்கடைசில ஒரு கிளப் ரேஞ்ச்ல மேற்பார்வைக்கு நிக்கறேன், அதனால புதுசா வர்றவங்க ஜீரோ பண்றதை நூத்துக்கணக்குல பார்த்திருக்கேன். பாலிஸ்டிக்ஸ் (குண்டு பறக்கற விதத்தைப் பத்தின படிப்பு) படிச்சவன் இல்ல. 200 மீட்டருக்கு மேல உயிருள்ள மிருகத்தை நான் சுட்டது ரொம்ப ரொம்ப கம்மி, அதனால அந்த தூரத்துக்கெல்லாம் என் பேச்சை எடுத்துக்காதீங்க.

முதல்ல ஜீரோன்னா என்னங்கறது தெளிவா இருக்கணும், ஏன்னா ரேஞ்ச்ல பாதிப்பேர் குண்டு பேரலை விட்டு வந்ததும் கொஞ்ச தூரம் மேல ஏறும், அப்புறம்தான் விழும்னு நினைச்சுட்டிருக்காங்க. அப்படி கிடையாது. வெளிய வந்த நொடியிலேருந்தே பேரல் நீளுற கோட்டுக்குக் கீழ விழுந்துகிட்டேதான் போகும். மாங்காய்க்குக் கல்லு எறியறப்ப கை தானா கொஞ்சம் மேல தூக்கி எறியும்ல, அதே மாதிரி ஸ்கோப்பை செட் பண்றப்ப பேரல் லேசா மேல பார்க்கற மாதிரி ஆயிடுது, அவ்வளவுதான். ஸ்கோப்போட நடு, பேரலோட நடுவுக்கு சுமார் 4 சென்டிமீட்டர் மேல இருக்கு. நம்ம பார்வைக் கோடு நேர்கோடு, குண்டு போற பாதை வளைஞ்ச கோடு, அந்த வளைவு நேர்கோட்டைக் கீழேருந்து ஒரு தடவை வெட்டும், அப்புறம் மேலேருந்து இறங்கி இன்னொரு தடவை வெட்டும். ரெண்டாவதா வெட்டற இடத்தைத்தான் ஜீரோ தூரம்னு சொல்றோம். அந்த ரெண்டு இடத்துக்கு நடுவுல குண்டு நீங்க வச்ச இடத்துக்கு மேல படும், வெளிய கீழ படும். ஆக ஜீரோ தூரம் எதுங்கறது, எவ்வளவு மேல, எவ்வளவு கீழ படறதை நீங்க பொறுத்துக்குவீங்கங்கற கேள்விதான்.

இப்ப உங்க .308க்கு கணக்கு. 150 கிரெய்ன் சாதாரண வேட்டைக் குண்டு, செகண்டுக்கு சுமார் 860 மீட்டர் வேகத்துல கிளம்புதுன்னு வச்சுக்கறேன், தோட்டாப் பெட்டி மேல போட்டிருக்கற 2820 அடிங்கறது அதுதான். 100 மீட்டர்ல ஜீரோ பண்ணா 50 மீட்டர்லயும் கிட்டத்தட்ட அதே இடத்துலதான் படும், 150ல 4 செ.மீ. கீழ, 200ல 13 செ.மீ. கீழ, 300ல அரை மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. 200ல ஜீரோ பண்ணா 50ல 3 செ.மீ. மேல, 100ல ஆறரை செ.மீ. மேல, 150ல அப்பவும் அஞ்சரை செ.மீ. மேல, 200ல சரியா நடு, 250ல 11 கீழ, 300ல 28 கீழ. 150ல ஜீரோ பண்ணா 50ல ஒன்னரைக்கும் கம்மியா மேல, 100ல கிட்டத்தட்ட 3 செ.மீ. மேல, 200ல ஏழரை கீழ, 250ல 20 கீழ. இந்த எண்ணெல்லாம் உங்க ரைஃபிள்ல அப்படியே வராது, கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், ஆனா ஒன்னுக்கொன்னு எவ்வளவு வித்தியாசங்கறது பெரிசா மாறாது. ஒன்னு கவனிங்க, அமெரிக்காக்காரங்க போடற சார்ட்ல 200ன்னா அது யார்டு, நம்ம கணக்குல 183 மீட்டர். இதை மாத்திப் படிச்சுட்டு என் ரைஃபிள்ல ஏதோ கோளாறுன்னு வந்தவங்க பல பேர்.

இதை மான் மேல வச்சுப் பார்க்கணும். ஊர்ப்பக்கம் மிளான்னும் கடமான்னும், இலங்கைல மரைன்னும் சொல்றோமே, அதே மிருகம்தான் இது, 1860கள்ல இந்தியாவுலேருந்தும் இலங்கைலேருந்தும் இங்க கொண்டுவந்து விட்டது, மலை பூரா பெருகிடுச்சு. ஆண் 200 கிலோவுக்கு மேல நிக்கும். நெஞ்சுல நுரையீரலும் இதயமும் இருக்கற இடம் உயரத்துல ஒரு ஜாண் தாண்டும், 25 செ.மீ. வரைக்கும் கணக்கு சொல்றவங்க உண்டு. ஆனா நான் 15 செ.மீ. வட்டம்தான் எடுத்துக்குவேன், அதாவது நடுவுலேருந்து மேல ஏழரை, கீழ ஏழரை. மீதி இருக்கற இடம் என் கை நடுக்கத்துக்கும், மூச்சு வாங்கறதுக்கும், மான் ஒரு அடி எடுத்து வைக்கறதுக்கும். அந்த இடத்தையும் குண்டோட வளைவுக்கே குடுத்துட்டா நமக்குன்னு ஒன்னும் மிஞ்சாது.

அந்த ஏழரை ஏழரைங்கற அளவை வச்சுப் பார்த்தா, 100ல ஜீரோ பண்ணவர் சுமார் 170 மீட்டர் வரைக்கும் எதையும் யோசிக்காம நடுவுல வச்சு சுடலாம். 150ல பண்ணவர் 200 வரைக்கும். 200ல பண்ணவர் சுமார் 235 வரைக்கும். வீடியோக்காரர் சொன்ன 100ல ரெண்டு இஞ்ச், அதாவது 5 செ.மீ. மேலங்கறது, 150 ஜீரோவுக்கும் 200 ஜீரோவுக்கும் நடுவுல வரும். பாருங்க, அவ்வளவு சண்டை போட்டுக்கறாங்களே, 100க்கும் 200க்கும் நடுவுல இருக்கறது மொத்தமே 65 மீட்டர். உங்களுக்கு நான் சொல்றது 150. காரணம் கீழ.

200 ஜீரோல சிக்கல் தூரத்துல இல்ல, கிட்டத்துல. இந்தக் காட்டுல மான் எங்க கிடைக்கும்னு நினைக்கறீங்க? மரப்பெரணியும் பிளாக்பெர்ரி முள்ளும் அடைச்சுக் கிடக்கற ஓடை ஓரத்துல, 30 மீட்டர்ல, 60ல, மிஞ்சிப் போனா ஓடைக்கு அந்தப்பக்கச் சரிவுல 120, 130ல. நான் சுட்ட மிளால பெரும்பகுதி 100 மீட்டருக்குள்ளதான். 200 ஜீரோ பண்ண ரைஃபிள்ல சரியா அந்த 80லேருந்து 140 மீட்டருக்குள்ளதான் குண்டு ஆறு, ஆறரை செ.மீ. மேல படும், நம்மகிட்ட இருக்கற ஏழரைல கிட்டத்தட்ட முழுசையும் அதுவே தின்னுடுது. அதுக்கு மேல சரிவு வேற. மேட்டைப் பார்த்து சுட்டாலும் பள்ளத்தைப் பார்த்து சுட்டாலும் குண்டு சமதரையை விட மேலதான் படும், கீழ படவே படாது, ஏன்னா புவியீர்ப்பு இழுக்கறது நேர் கீழ, அதோட முழு வலுவும் குண்டோட பாதைக்குக் குறுக்க வர்றதில்ல. 30 டிகிரி சரிவுல 200 மீட்டர் தள்ளி நிக்கற மானுக்கு, கிடைமட்டத்துல 173 மீட்டர்தான் கணக்கு, சமதரைல படறதை விட சுமார் 4 செ.மீ. மேல படும். கிட்டத்துல இது கம்மி, ஆனா திசை எப்பவும் மேலதான். அதனால மலைக்காட்டுல மேல்பக்கம் இருக்கற இடத்தை முதல்லயே செலவு பண்ணிட்டு வரக்கூடாதுங்கறது என் எண்ணம். 150 ஜீரோல 3 செ.மீ.க்கு மேல குண்டு எங்கயும் ஏறாது, மேல நாலரை செ.மீ. கைல இருக்கு.

அப்ப 100லயே பண்ணிடலாமேன்னு கேட்பீங்க. தாராளமா பண்ணலாம், தப்பே இல்ல, 170க்கு மேல சுட மாட்டேன்னு உறுதியா இருந்தா அதை விட எளிமையான வழி கிடையாது. நான் 150 சொல்றது எதுக்குன்னா, மரம் வெட்டின பழைய திட்டுலயோ மலை முகட்டுலயோ சாயங்காலம் 180, 190ல ஒரு மான் வெளிய வந்து நிக்கும், அப்ப மனசு கணக்குப் போட ஆரம்பிச்சுடும். கணக்குப் போட விடக்கூடாது. 200க்குள்ள இருந்தா நடு, 200க்கு மேலன்னா சுடறது இல்ல, இந்த ஒரே சட்டம் போதும்.

இதை நான் கத்துக்கிட்ட விதத்தையும் சொல்லிடறேன், சொல்ல இஷ்டமில்லாத விஷயம்தான். அஞ்சாவது வருஷமோ ஆறாவது வருஷமோ, அப்ப என் ரைஃபிள் 200 ஜீரோ. காலைல மூடுபனி விலகற நேரம், ஓடைக்கு அந்தப்பக்கம் ஒரு ஆண் மிளா பக்கவாட்டுல நின்னுச்சு. தூரம் பார்க்கற கருவி பையில இருந்துச்சு, எடுக்கல. பனில மங்கலா சின்னதா தெரிஞ்சதால 250 இருக்கும்னு மனசு சொல்லுச்சு, 250ல 11 செ.மீ. கீழ படும்னு எனக்கு மனப்பாடம், அதனால ஒரு 12 செ.மீ. மேல புடிச்சு சுட்டேன். அது 'ஹாங்க்'னு ஒரு கத்தல் போட்டு சரிவுல இறங்கி மறைஞ்சுது. அந்தப்பக்கம் ஏறிப்போய் மான் நின்ன இடத்துலேருந்து, நான் சுட்ட இடத்தைக் கருவில பார்த்தா 110 மீட்டர். 110ல அந்த ரைஃபிள் ஏற்கனவே 7 செ.மீ.க்குக் கிட்ட மேல சுடும், நான் 12 மேல புடிச்சேன், மொத்தம் 19. முதுகெலும்புக்கு மேல சதைல பட்டிருக்கணும், கொஞ்சம் முடியும் நாலஞ்சு சொட்டு ரத்தமும் இருந்துச்சு, அதுக்கப்புறம் ஒன்னுமில்ல. அன்னைக்கு பூரா தேடினேன், மறுநாள் ஒரு நண்பரையும் அவர் நாயையும் கூட்டிட்டு வந்து தேடினோம், கிடைக்கல. அது பிழைச்சுதா செத்துதான்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

இதுல 200 ஜீரோ மேல பழி போட மாட்டேன். 100, 150, 200 எதுல ஜீரோ பண்ணியிருந்தாலும் அந்த மானை நடுவுல வச்சு சுட்டிருந்தா அங்கயே விழுந்திருக்கும். கெடுத்தது நான் மேல தூக்கிப் புடிச்சதுதான். சொல்லப்போனா 150 ஜீரோ வச்சுக்கிட்டு 250ன்னு தப்பா நினைச்சு தூக்கிப் புடிச்சிருந்தா இன்னும் மோசம், 20க்கு மேல போயிருக்கும். அதனால ஜீரோ தூரமும், "இதுக்கு மேல சுட மாட்டேன்"ங்கற எல்லையும் ரெண்டும் ஒரே முடிவு. ஒன்னை மட்டும் எடுத்துக்கிட்டு இன்னொன்னை விட்டா வேலைக்கு ஆகாது. ஒரு எண் சொல்லிட்டுப் போற வீடியோக்கள் மேல எனக்கு வருத்தம் இருக்கறது இதனாலதான்.

இனி எது உறுதி, எது உங்க கைல பார்த்தாதான் தெரியும்ங்கறதைப் பிரிச்சுக்கலாம். குண்டு விழற விதம் உறுதி, அது இயற்பியல், யாரும் மாத்த முடியாது. பெட்டில போட்ட வேகம் உறுதி இல்ல, அவங்க பெரும்பாலும் 24 இஞ்ச் பேரல்ல அளந்திருப்பாங்க, உங்களது 22, கொஞ்சம் குறையும். எவ்வளவு குறையும்னு வேகம் அளக்கற கருவி வச்சாதான் தெரியும். ஆனா இதுக்காக தூக்கம் கெட வேண்டாம், செகண்டுக்கு 30 மீட்டர் குறைஞ்சா கூட, 150 ஜீரோ வச்சா 200ல வித்தியாசம் ஒரு செ.மீ. கூட வராது, 300ல 3 செ.மீ. வரும். தூரம் கூடக்கூடத்தான் சின்னச்சின்னத் தப்பெல்லாம் பெரிசாகும், 200க்குள்ள இருந்துட்டா அந்தக் கவலைல பாதி தானா போயிடுது. உங்க ரைஃபிளுக்கு எந்த தோட்டா பிடிக்கும்ங்கறதையும் யாராலயும் முன்கூட்டி சொல்ல முடியாது. ஒரே எடை, வேற கம்பெனின்னா கூட வேற இடத்துல படும், மேல கீழ மட்டுமில்ல, பக்கவாட்டுலயும் தள்ளிப் படும். ஈயக்குண்டுலேருந்து செப்புக்குண்டுக்கு மாறினா மறுபடி முதல்லேருந்து. அதனால ரெண்டு மூணு வகை வாங்கிப் பாருங்க, ஒன்னை முடிவு பண்ணதும் அதே வகைல நாலஞ்சு பெட்டி சேர்த்து வாங்கி வச்சுக்கோங்க. சட்டப்படி இங்க சாம்பாருக்கு குறைஞ்சது .270 காலிபர், 130 கிரெய்ன் குண்டு இருக்கணும், உங்களது ரெண்டையும் தாண்டுது, அதுல பிரச்சனை இல்ல.

காத்து பத்தி ஒரு பேச்சு. ஜீரோவுக்கு மணிக்கணக்கா வாதம் பண்றவங்க காத்தை மறந்துடறாங்க. மணிக்கு 15 கிலோமீட்டர் காத்து குறுக்க அடிச்சா இந்தக் குண்டு 100ல 3 செ.மீ. தள்ளும், 200ல 12 செ.மீ. தள்ளும். 100 ஜீரோக்காரருக்கு 200ல எவ்வளவு கீழ விழுதோ கிட்டத்தட்ட அதே அளவு பக்கவாட்டுல, எந்த ஜீரோவும் இதை சரி பண்ணாது. அடர்ந்த காட்டுக்குள்ள காத்து கம்மி, ஓடையோட திறந்த வாய்ப்பக்கம் சாயங்காலம் நல்லாவே இறங்கும். காத்து பலமா இருந்தா என் எல்லை 200லேருந்து 120க்கு இறங்கிடும்.

சரி, ரேஞ்ச்ல என்ன பண்றது. ஸ்கோப் வளையத்தோட திருகாணியெல்லாம் முதல்ல பாருங்க, ஜீரோ நிக்கலன்னு என்கிட்ட வர்றவங்கள்ல நிறைய பேருக்கு அதுதான் நோய். ரைஃபிளை மணல் மூட்டை மேல வைக்கறப்ப முன்பக்கக் கட்டை மூட்டை மேல இருக்கணும், பேரல் எது மேலயும் படக்கூடாது. போல்ட்டைக் கழட்டிட்டு பேரல் வழியா 25 மீட்டர்ல இருக்கற அட்டையோட நடுவைப் பாருங்க, ரைஃபிளை அசைக்காம ஸ்கோப்போட கோட்டையும் அங்கயே கொண்டு வாங்க. இப்படிப் பண்ணா முதல் குண்டே அட்டைல எங்கயாவது விழும், நேரா 100ல ஆரம்பிச்சு ஒரு பெட்டியை மண்மேட்டுக்கே குடுத்துட்டு நிக்க வேண்டியதில்ல. 25 மீட்டர்ல கிளிக் (ஸ்கோப் குமிழை ஒரு படி திருப்பறது) கணக்கு நாலு மடங்கு ஆகும்ங்கறதை மறக்காதீங்க. உங்க ஸ்கோப் கால் எம்ஓஏ (கோணத்தை அளக்கற ஒரு அலகு) கிளிக்கா இருக்கும், ஒரு கிளிக் 100 மீட்டர்ல 7 மில்லிமீட்டர் நகர்த்தும், 25ல 2 மில்லிமீட்டர் கூட நகர்த்தாது. இங்க நடுவுக்கு ஒன்னு ஒன்னரை செ.மீ. கீழ பட்டா போதும், 100ல அட்டைக்குள்ள இருப்பீங்க.

100க்குப் போனதும் மூணு குண்டு மெதுவா சுடுங்க, பேரல் ஆற விடுங்க, மூணுக்கும் நடுப்புள்ளியை எடுத்து அதை வச்சு மட்டும் ஸ்கோப்பைத் திருப்புங்க. ஒரு குண்டு சுட்டுட்டு ஒரு தடவை திருப்பறது, இன்னொன்னு சுட்டுட்டு இன்னொரு தடவை திருப்பறது, இது பெரிய தப்பு, ரைஃபிளோட சிதறலைத் துரத்திக்கிட்டே ரெண்டு பெட்டி காலி பண்ணுவீங்க, கடைசில ஆரம்பிச்ச இடத்துலயே நிப்பீங்க. ஒரு ரைஃபிள் 100ல 4 செ.மீ.க்குள்ள மூணு குண்டு போட்டா வேட்டைக்கு அது தாராளம். சரியா நடுவுல வந்ததும் மேல்பக்கம் நாலு கிளிக் ஏத்துங்க. நாலு கிளிக்னா கிட்டத்தட்ட 3 செ.மீ., அதுதான் உங்க 150 மீட்டர் ஜீரோ. ஸ்கோப் மில் (இன்னொரு கோண அலகு) கணக்குல இருந்தா ஒரு கிளிக் 1 செ.மீ., மூணு கிளிக் போதும். 150 மீட்டர் ரேஞ்ச் எல்லா இடத்துலயும் இருக்காது, அதனால 100லயே இதைப் பண்ணிடலாம். ஏத்தின அப்புறம் அஞ்சு குண்டு சுட்டு உறுதி பண்ணிக்கோங்க.

அதோட வீட்டுக்குப் போயிடாதீங்க. இன்னொரு நாள் 200 மீட்டர் ரேஞ்சுக்குப் போய் நடுவுல வச்சு சுட்டு, எங்க படுதுன்னு கண்ணால பாருங்க. ஏழு எட்டு செ.மீ. கீழ பட்டா கணக்கு சரி. 12 கீழ பட்டா உங்க ஸ்கோப் உயரமோ வேகமோ நான் வச்ச கணக்குலேருந்து மாறுது, அட்டை சொல்றதை நம்புங்க, என்னை நம்பாதீங்க, உங்க எல்லையைக் குறைச்சுக்கோங்க. அப்புறம் இன்னொன்னு, இதைத்தான் யாரும் பண்றதில்ல. மேஜையை விட்டு எழுந்து, கிளப் அனுமதிச்சா, உட்கார்ந்து சுடுங்க, முட்டி போட்டு சுடுங்க, ஒரு கட்டையை மரம் மாதிரி புடிச்சு சாஞ்சு சுடுங்க. மேஜைல 4 செ.மீ. போட்ட கை முட்டி போட்டா 15 செ.மீ. போடும். முதல் தடவை பார்க்கறப்ப மனசு உடைஞ்சு போகும், ஆனா காட்டுல உங்க அளவு அதுதான். முட்டி போட்டு 100 மீட்டர்ல அந்த 15 செ.மீ. வட்டத்துக்குள்ள அஞ்சுல அஞ்சும் போட முடியலன்னா, உங்களுக்கு இப்போதைக்கு 100 மீட்டர் கூட தூரம்தான், 60ல நின்னுக்கோங்க. ஜீரோ 100ஆ 150ஆங்கறதெல்லாம் அதுக்கு முன்னாடி ஒன்னுமே இல்ல.

காட்டுல குளிர்ந்த பேரல்லேருந்து வர்ற முதல் குண்டுதான் மானுக்குப் போறது. சில ரைஃபிள்ல அந்த முதல் குண்டு மத்ததோட சேராம தனியா விழும், முக்கியமா எண்ணெய் போட்டுத் துடைச்ச பேரல்ல. அதனால அஞ்சாறு வெவ்வேற நாள்ல ரேஞ்சுக்குப் போனதும் முதல் குண்டை ஒரே அட்டைல சுட்டு வச்சுக்கோங்க, அந்த அட்டை உங்க ரைஃபிளைப் பத்தி சொல்ற அளவுக்கு வேற எதுவும் சொல்லாது. நான் சீசன்ல பேரலை உள்ள எண்ணெய் போட்டுத் துடைக்கறதில்ல, மழைல நனைஞ்சா மட்டும் உலர்த்துவேன். இதுல மாத்துக்கருத்து உள்ளவங்க இருக்காங்க, அவங்க ரைஃபிளும் நல்லாத்தான் சுடுது.

எல்லாருக்கும் 150தான்னு நான் சொல்ல வரல. .270ல 130 கிரெய்ன் மாதிரி வேகமான குண்டுன்னா 200 ஜீரோ பண்ணாலும் 100ல 5 செ.மீ.தான் ஏறும், அதுக்கு 200 நல்ல தேர்வு. மேற்கு நியூ சவுத் வேல்ஸ் மாதிரி வெட்டவெளில காட்டுப்பன்னி, ஆடு சுடறவங்க கணக்கும் வேற. தூரத்தைக் கருவில அளந்துட்டு ஸ்கோப்போட குமிழைத் திருப்பி சுடற பழக்கம் இருந்தா 100 ஜீரோதான் சிறந்தது, 100 மீட்டர் ரேஞ்ச் எல்லா ஊர்லயும் இருக்கு, எப்ப வேணா சரி பார்த்துக்கலாம், அங்கேருந்து மேல மட்டும் திருப்பினா போதும். ஆனா அதுக்கு ஏத்த ஸ்கோப் வேணும், மான் நிக்கற பத்து செகண்ட்ல அளந்து, திருப்பி, சுடற பழக்கமும் வேணும். முதல் வருஷத்துல அதுக்குள்ள போகாதீங்கன்னுதான் சொல்லுவேன்.

ரொம்பக் கிட்டத்துல ஒரு விஷயம் இருக்கு, இதுல ஏமாந்தவங்களைப் பார்த்திருக்கேன். 10 மீட்டர், 15 மீட்டர்ல குறுக்க ஒரு மரக்கட்டையோ பாறையோ இருந்தா ஸ்கோப் வழியா பாதை காலியாத் தெரியும், ஆனா பேரல் 4 செ.மீ. கீழ இருக்கு, குண்டு கட்டை மேல போய் மோதும். விழுந்த மரத்து மேல ரைஃபிளை வச்சு சுடறப்ப பேரல் முனை கட்டையைத் தாண்டி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கான்னு ஒரு தடவை கண்ணால பார்த்துடுங்க. சின்னக் குச்சில உரசினாலும் குண்டு திசை மாறும், கனமான குண்டு புதரைத் துளைச்சுக்கிட்டு நேரா போகும்ங்கறதை நம்பாதீங்க.

மலைக்குக் கிளம்பறப்ப, ரைஃபிள் காருக்குள்ள 50, 60 கிலோமீட்டர் ஜல்லி ரோட்டுல குலுங்கிக்கிட்டுத்தான் வரும். போய்ச் சேர்ந்ததும், சட்டப்படி சுடலாம்ங்கற இடத்துல, பின்னாடி நல்ல மண்மேடு பார்த்து, ஒரு அட்டைப்பெட்டியைக் காலடியால அளந்து 100ல வச்சு ஒரு குண்டு சுடுங்க. மான் இருக்கற ஓடைலேருந்து தள்ளி, முந்தின நாள் மதியமே பண்ணிடுங்க. 3 செ.மீ. மேல பட்டா நிம்மதியா தூங்கலாம். ரைஃபிள் கைதவறி பாறைல விழுந்தாலும் அப்படித்தான், மறுபடி ஒரு குண்டு சுட்டுப் பார்க்காம அடுத்த மானைத் தேடாதீங்க, அந்த ஒரு சத்தத்துல அன்னைக்குக் காலை வேட்டையே போனாலும் பரவாயில்ல. உங்க 200 மீட்டர் அட்டைல என்ன வந்துச்சுன்னு இங்கயே எழுதுங்க, ஸ்கோப் உயரத்தையும் ஸ்கேல் வச்சு அளந்து போடுங்க, அதை வச்சு உங்க எல்லை எவ்வளவுன்னு சேர்ந்து பார்க்கலாம்.